மலை வேன் டிரைவர் ஓட்டிய வீடியோ கார்

ஆடிக் கிருத்திகைக் கூட்டத்துக்காக மலையடிவாரத்தில், திரையைப் பார்த்து ஓட்டும் வீடியோ கார் கடை போட்டிருக்கிறார்கள். திருத்தணிக்கு இப்படி ஒரு கடை வருவது இதுதான் முதல் முறை. இன்று காலை நானும் ஓட்டினேன். முதல் வளைவிலேயே கார் வெடித்துவிட்டது.

கடைக்காரர் வருத்தப்பட்டார். "ஸ்டீயரிங் லூசுங்க. அரை சுத்து சுத்தினப்புறம்தான் திரும்பும். பிரேக்கும் தரை வரிக்கும் போயிட்டுதான் புடிக்குது."

அடுத்து, காக்கிச் சட்டை போட்ட ஒருவர் உட்கார்ந்தார். வளைவு வருவதற்கு வெகு முன்பே ஸ்டீயரிங்கைச் சுழற்றினார். பிரேக்கை மூன்று முறை சும்மா மிதித்து, நான்காவது மிதியில் காரைப் பிடித்தார். எங்கேயும் மோதவில்லை.

"இத்தப் போயி ரிப்பேரு பண்ணாதய்யா," என்றார் எழுந்துகொண்டே. "அசல் வண்டி ஓட்டிகினு இருக்கற மாதிரியே கீது."

"நீங்க என்ன வண்டி ஓட்றீங்க?" என்று கேட்டேன்.

"மலைக்குப் போற வேனுதாங்க. ஏறுங்க, டைம் ஆயிடுச்சி."

காலையிலிருந்து நான் மூட்டு வலி என்று புலம்பியதால், என் மனைவி அந்த வேனில்தான் முன் சீட்டைப் பிடித்து வைத்திருந்தாள்.

எப்படியோ மேலே வந்து சேர்ந்தோம். தரிசனமும் ஆயிற்று. இனி இறங்க வேண்டும்.

ஏறும்போது ஒரு சக்கரத்துக்கு மட்டும் எலுமிச்சம்பழம் வைத்த டிரைவர், இப்போது நான்கு சக்கரத்துக்கும் வைத்துக்கொண்டிருக்கிறார்.

"வாங்க, நடக்க முடியலன்னீங்களே," என்று மனைவி கூப்பிடுகிறாள்.

கல்யாணமானவர்கள் யாராவது சீக்கிரம் சொல்லுங்கள். சாமி கும்பிட்டதும் மூட்டு வலி போய்விட்டது, முந்நூற்று அறுபத்தைந்து படியும் நடந்தே இறங்கலாம் என்றால் நம்புவாளா?