சரம் தீர்ந்தால் அம்மா

குருபரப்பள்ளி பேருந்து நிறுத்தத்துப் பெட்டிக்கடையில் சிப்ஸ் பாக்கெட்டுகள் சரம்சரமாகத் தொங்கும். நெடுஞ்சாலையில் லாரி போகும்போதெல்லாம் அவை ஒன்றோடொன்று உரசிச் சலசலக்கும். அந்தச் சத்தம் காதில் விழுந்தால் எனக்கு டீ இறங்காது. "என்ன சிஸ்டர், சக்கரை பத்தலையா?" என்பார் கடைக்காரர். வீடு வீடாகப் போய் சர்க்கரையைக் குறை, எண்ணெயைக் குறை என்று சொல்வதுதான் என் பிழைப்பு என்று அவருக்குத் தெரியும். அதனால் அந்தக் கிண்டலை அவர் விடுவதாக இல்லை.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஓசூர்ப் பக்கம் கம்பெனி ஆட்கள் குடியிருக்கும் லைன் வீடுகளை எனக்குக் கொடுத்திருந்தார்கள். குழந்தைகளை எடை பார்த்து, அட்டையில் கோட்டைத் தாண்டியிருந்தால் அம்மாவோடு உட்கார்ந்து பேச வேண்டும். மெலிந்த குழந்தை என்றால் எல்லோரும் பதறுவார்கள். குண்டுக் குழந்தையைப் பற்றி வாயைத் திறந்தால், கண்ணு வைக்காதீங்க என்று கதவைச் சாத்துவார்கள். சாத்தாதவர் லாரிக்காரர் வீட்டு அக்கா ஒருவர்தான். தென்காசிப் பக்கத்துக்காரர். கணவர் லாரியோடு போனால் திரும்பப் பத்து நாளாகும். அக்காவுக்கு ஒரு கம்பெனியில் காலை ஷிஃப்ட், நான்கு வயதில் ஒரு மகள். முதல் தடவை நான் போனது அவருடைய வார விடுமுறையில். பாப்பாவின் எடை கோட்டுக்கு வெகு மேலே இருந்தது. வாசற்படி ஏறி வருவதற்குள் அவளுக்கு மூச்சு வாங்கியது. பாக்கெட் தீனி வேண்டாம், சுண்டல் கொடுங்கள், வெளியே ஓடி விளையாட விடுங்கள் என்று மனப்பாடமாக ஒப்பித்தேன். அக்கா எல்லாவற்றுக்கும் "சரி சிஸ்டர்" என்றார்.

அதன் பிறகு மூன்று தடவை போனேன். மூன்று தடவையும் வெளியே பூட்டு தொங்கியது. பாப்பா, பாப்பா என்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, பதிவேட்டில் 'பூட்டு' என்று எழுதிக்கொண்டு நடந்தேன். மூன்று முறை பூட்டு விழுந்தால் குடும்பம் ஊர் மாறிவிட்டதென்று பெயரை அடித்துவிடுவது எங்கள் வழக்கம். அடித்தேன்.

அடுத்த மாதம் அந்த லைனில் வேறொரு வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. அதே பூட்டிய கதவின் முன்னால் தகரத்துக்கு அடியில் ஒதுங்கினேன். மழை ஓய்ந்ததும் உள்ளே பாக்கெட் கிழியும் சத்தம் கேட்டது. ஜன்னல் இடுக்கில் கண்ணை வைத்தேன். பாப்பா சுவரோரமாக உட்கார்ந்து அவசர அவசரமாகத் தின்றுகொண்டிருந்தாள். தலைக்கு மேலே ஆணியில் ஒரு சரம் தொங்கியது.

"முன்னாடி நான் வந்தப்பல்லாம் உள்ளதான் இருந்தியா?"

"ம். யாரு கூப்பிட்டாலும் பேசக் கூடாதுன்னு அம்மா சொல்லிருக்கு." பிறகு, "நீங்க பாப்பா பாப்பான்னு கூப்பிட்டிய," என்றாள்.

மூன்று மணிக்குக் கம்பெனி பஸ் வரும்வரை அங்கேயே நின்றேன். அக்கா வந்து இறங்கியதும் வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவர் திருப்பிக் கத்தாமல் பூட்டைத் திறந்து பாப்பாவை இடுப்பில் தூக்கிக்கொண்டார்.

"என்ன செய்யச் சொல்லுதிய சிஸ்டர்? எனக்கு அஞ்சரைக்கு வண்டி. பால்வாடி தொறக்க பத்தாவும். வெளிய விட்டா ரோடு. அடுப்புப் பக்கம் போகாம, தானே பிச்சுத் தின்னுக்கிட வேற என்ன இருக்கு? பிள்ளைக்கு மணி பாக்கவும் தெரியாது. அதான் பத்துப் பாக்கெட்ட மாட்டிட்டு, ஒண்ணொண்ணா தின்னு, சரம் தீந்தா அம்மா வந்துருவேன்னு சொல்லிருக்கேன்."

இடுப்பில் இருந்த பாப்பா பெருமையாகச் சொன்னாள்: "வெரசா தின்னா அம்மா வெரசா வரும்."

அக்கா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். நானும் அந்த இடத்திலேயே வாயை மூடியிருக்க வேண்டும். அப்போது எனக்கு அந்த எடை ஒன்றுதான் கண்ணை உறுத்தியது. "பாதியா குறைங்கக்கா, அஞ்சு போதும்" என்றேன். நாலு வயதுப் பிள்ளை தனியாகப் பூட்டிக் கிடக்கிறது. அதை விட்டுவிட்டு அது தின்பதைக் குறைக்கச் சொன்னேன். அடித்த பெயரைத் திரும்பச் சேர்த்துவிட்ட திருப்தி வேறு. நான் சொன்னதை அப்படியே கேட்டு நடந்த அம்மா அந்த லைனிலேயே அவர் ஒருவர்தான்.

மறுபடி போனபோது கதவில் பூட்டு இல்லை, வீடு காலி. பக்கத்தில் இருந்த பாய் வீட்டு அக்கா சொன்னார்.

"காலைல ஒம்பது மணிக்கே புள்ள கத்த ஆரம்பிச்சிரும். நாலு நாளு அப்படித்தான். நாங்க ஜன்னல்கிட்ட நின்னு பேசிப் பாத்தோம், அடங்கல. ஓனரு வந்து, நாளைக்கி போலீசு கேசுன்னா யாரு பதில் சொல்றதுன்னு காலி பண்ணச் சொல்லிட்டாரு."

"என்னன்னு கத்துனா?"

"எல்லாம் தின்னுட்டேன்மா, வாம்மான்னு. கதவத் தட்டித் தட்டி கை செவந்து போச்சு, பாவம்."

லாரிக்காரர் வீட்டு அக்காவின் போன் அணைந்தே கிடந்தது. எங்கே போனார்கள் என்று கம்பெனி பஸ்ஸில் வருகிறவர்களிடம்கூடக் கேட்டுப் பார்த்தேன், யாருக்கும் தெரியவில்லை. பாப்பாவின் அட்டையில் நான் போட்ட ஒரே எடைதான் இருக்கிறது. அதற்குப் பிறகு பூட்டிய வீடு எதையும் கூப்பிட்டுவிட்டு உடனே தாண்டிப் போக என்னால் முடிவதில்லை. கதவில் காதை வைத்து நிற்கிறேன். ஒரு நாளில் பார்க்க வேண்டிய வீடுகளை முடிப்பதில்லை என்று மேலே இருக்கிறவர்களிடம் திட்டும் வாங்குகிறேன்.

போன வாரம் அதே பெட்டிக்கடையில், கம்பெனிச் சட்டை போட்ட ஒரு பெண் சிப்ஸ் கேட்டாள். கடைக்காரர் பாதிச் சரத்தைப் பிடித்துக் கிழிக்கப் போனார். "கிழிக்காதீங்கண்ணா, முழுசா குடுங்க" என்றாள். நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன். இத்தனை வருஷம் ஒப்பித்த பாடம் ஒரு வரிகூட வாயில் வரவில்லை.

"வீட்டுல புள்ளைய யாரும்மா பாத்துக்கறாங்க?" என்று கேட்டேன்.

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். சரத்தை மடித்துப் பைக்குள் திணித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.