எட்டு மிச்சம்

என் ஹால் டிக்கெட்டைக் கையில் வாங்கிய நைனா, அதாவது என் அப்பா, பெயரைப் பார்க்கவில்லை, ஊரைப் பார்க்கவில்லை. நம்பரை மட்டும் விரல்விட்டுக் கூட்டினார். 4070312. கூட்டினால் பதினேழு. ஒன்றும் ஏழும் எட்டு.

"எட்டு ஆவாது பாப்பா. இந்த வாட்டி விட்டுடு."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஏற்கெனவே இரண்டு முறை எழுதிக் கோட்டைவிட்ட அரசுத் தேர்வு. இதுவும் போனால் திண்டிவனத்தில் துணிக்கடை வேலை என்று வீட்டில் முடிவாகியிருந்தது. கணக்கில் பட்டம் வாங்கியவள் ஒரு எட்டுக்குப் பயந்து புடவை மடிக்கப் போவதா?

தேர்வன்று அமாவாசை வேறு. பஸ்ஸையெல்லாம் மேல்மலையனூர் கோயிலுக்குத் திருப்பிவிட்டிருப்பார்கள். விழுப்புரம் போக நைனாவின் பைக்கை விட்டால் வழியில்லை. கூட்டினால் ஒன்பது வரும் நம்பர்தான் வேண்டும் என்று காத்திருந்து வாங்கிய பைக் அது. அடிக்கடி வளத்தி ரோட்டில் நின்றுவிடும். அதைப் பற்றி மட்டும் அவர் பேசமாட்டார்.

விடிந்ததும் கிளம்பி நின்றேன். நைனா சாவியைத் தொடவில்லை. மூலையில் இருந்த மூட்டையிலிருந்து மல்லாட்டையை, அதாவது வேர்க்கடலையை, அள்ளித் தரையில் கொட்டினேன்.

"பத்து எடு நைனா. ஒம்போத தள்ளு. எவ்ளோ மிச்சம்?"

"ஒண்ணு."

"நூறுல ஒம்போது ஒம்போதா தள்ளுனாலும் ஒண்ணுதான் மிஞ்சும். லட்சத்துலயும் ஒண்ணுதான். நீ கூட்டுறது அந்த மிச்சத்தத்தான். வேற ஒண்ணும் இல்ல."

அவர் நம்பவில்லை. முப்பத்தைந்தை எண்ணி வைத்தேன்; கூட்டினால் மூன்றும் ஐந்தும் எட்டு. ஒன்பது ஒன்பதாக அவரே தள்ளினார். எட்டு மிஞ்சியது. இன்னொரு ஒன்பதைச் சேர்த்து நாற்பத்துநான்கு ஆக்கினேன். அதிலும் எட்டுதான்.

"ஹால்ல வரிசையா நம்பர் போடுவாங்க. ஒம்போது பேர்ல ஒருத்தருக்கு எட்டு வரும். அத்தினி பேரும் வீட்டுக்குப் போய்டணுமா? நீ வரலன்னா நடந்தே போறேன்."

அந்த நம்பர் எட்டாலேயே மீதியில்லாமல் வகுபடும் என்பதையும் கண்டுபிடித்து வைத்திருந்தேன். கடைசி மூன்று இலக்கத்தைப் பார்த்தால் போதும். எட்டு முப்பத்தொன்பது முந்நூற்றுப் பன்னிரண்டு. அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவ்வளவு நேர்மை அன்றைக்குத் தேவைப்படவில்லை.

எதிரே ராஜகிரி மலைக்கோட்டை மேல் வெயில் ஏறிவிட்டது. நைனா மிஞ்சிய எட்டையும் பொறுக்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பைக்கை உதைத்தார். வழியில் அது நிற்கவில்லை.

தேர்வு மையத்தின் வாசலில் வரிசையில் நின்றபோது நானே அந்த நம்பரை இன்னொரு முறை கூட்டிப் பார்த்தேன். வீட்டில் பேசிய பேச்செல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. திரும்பிப் பார்த்தேன். நைனா பைக்கில் உட்கார்ந்து எதையோ பல்லால் உடைத்துக்கொண்டிருந்தார். என் முறை வந்ததும், இத்தனை பேர் இருக்கிறார்களே என்றுகூடப் பார்க்காமல், அங்கிருந்தே கத்தினார்.

"எட்டையும் தின்னுட்டேன் பாப்பா! போய் எழுது!"