உறையோடு போட்ட ஃபில்டர்

கூலிங்காரரை முதலில் பார்த்தபோது முகம் தெரியவில்லை. அலுவலக வண்டியைப் பழுதுபார்க்கக் கொண்டுபோன அன்று, ஒரு டாக்ஸிக்கு அடியிலிருந்து இரண்டு கால்களும், "சாவியை வண்டியிலயே விட்டுட்டு உக்காருங்க சார்" என்ற குரலும்தான் வெளியே வந்தன. பெஞ்சுக்கு எதிர்ச்சுவரில் ஒரு பிளாஸ்டிக் உறை, நான்கு மூலையிலும் ஆணி அடித்து, படம் மாதிரி மாட்டியிருந்தது. உள்ளே ஒன்றுமில்லை. என்னவென்று கேட்டதும் பெஞ்சில் பக்கத்திலிருந்த டாக்ஸி டிரைவர் சிரித்துவிட்டார்.

"அதுவா? அது அவங்க வீட்டு மாப்பிள்ளை."

கார் ஏசி வேலை பார்ப்பதால் வந்த பெயர்தான் கூலிங்காரர். மற்றபடி ஆள் கொதிக்கிற எண்ணெய். ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் வைத்துக்கொண்டதுதான்.

அவர் வைத்துக்கொண்டது இது. தங்கைக்குக் குழந்தை பிறந்து, மருத்துவமனையிலிருந்து வீட்டுக்குக் கிளம்பிய நாள். தங்கை கணவர் சோபாக் கடையில் மேற்பார்வையாளர். அப்போதுதான் கார் வாங்கியிருந்தார். சீட்டுக்குப் போட்டு வந்த பிளாஸ்டிக் உறையைக் கழற்றவில்லை. கழற்றுகிற ஆளும் இல்லை. அவர் வீட்டில் டீவி ரிமோட்டுக்கே சட்டை உண்டு. கூலிங்காரரின் அப்பா சிமெண்ட் கிடங்கில் மூட்டை தூக்குபவர். பேத்தி பிறந்த சந்தோஷத்தில் வேலையிலிருந்து அப்படியே ஓடிவந்திருந்தார். முன்கதவைத் திறந்து ஒரு காலை உள்ளே வைத்தவரிடம், மாப்பிள்ளை சிரித்த முகமாகத்தான் சொன்னார்: "மாமா, நீங்க பஸ்ல வந்துடுங்களேன். சீட்டு புதுசு பாருங்க."

அப்பா காலை எடுத்தார். அதோடு விட்டிருந்தால்கூடப் போயிருக்கும். தோளில் கிடந்த துண்டை எடுத்து, தன் கால் பட்ட இடத்தைக் குனிந்து துடைத்துவிட்டு, கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

பின்னால் பெட்டியோடு நின்ற மகன் அந்தத் துண்டைப் பார்த்தார். "இதே முன்சீட்டுல, அந்தாளு வாயாலயே கூப்பிட்டு, அப்பாவை உக்கார வைக்கலைன்னா இது ஸ்பேனர் பிடிச்ச கையே இல்ல" என்று அன்றே தங்கையிடம் சொல்லிவிட்டார்.

குழந்தை வளர்ந்து வாயாடத் தொடங்கிய பிறகுதான் சந்தர்ப்பம் வந்தது. அந்தச் சந்தர்ப்பமே மாப்பிள்ளை உருவில் காரை ஓட்டிக்கொண்டு ஷெட்டுக்கு வந்தது. நல்ல உச்சி வெயில்.

"மச்சான், ஏசி போட்டா காத்தே வரமாட்டேங்குது."

"வாங்க மாப்பிள்ளை, வாங்க. நம்ம வண்டி, நானே பார்க்கறேன்."

வண்டியைக் கிளப்பி, விசிறிக் குமிழைத் திருகினார். டேஷ்போர்டுக்குள் விசிறி 'ஊ'வென்று சுற்றியது. அப்படியென்றால் ஃபியூஸ் போகவில்லை, விசிறி மோட்டாரும் போகவில்லை. பானெட்டைத் திறந்து குழாயைத் தொட்டால் ஜில்லென்று வியர்த்திருந்தது, கூலிங் கேஸும் இருக்கிறது. விசிறி சுற்றியும் காற்று வெளியே வராவிட்டால் வழியில் ஏதோ அடைக்கிறது. வழியில் முதலில் இருப்பது தூசியை வடிகட்டுகிற ஃபில்டர்.

"நீங்க எதுலயாவது கை வச்சீங்களா?"

"நானா? சேச்சே."

அந்த நேரம் பார்த்துத் தங்கையிடமிருந்து போன். "அண்ணா, வந்துட்டாரா? மெக்கானிக்குக்கு எதுக்குத் தண்டம்னு போன வாரம் அவரே ஃபில்டர் மாத்தினார். அட்டைப்பெட்டி குப்பையில கிடக்கு. உள்ள இருந்த கவரை மட்டும் வீடு பூரா தேடிட்டேன், காணோம்."

"அப்படியா சேதி!"

"அவசரமே இல்லண்ணா. நிதானமா பாரு. அப்பா உனக்குச் சாப்பாடு எடுத்துட்டுக் கிளம்பிட்டார்."

கூலிங்காரர் வண்டியை ஷெட்டு நிழலிலிருந்து வெளியே எடுத்து, நடு வெயிலில் நிறுத்தி அணைத்தார். "மாப்பிள்ளை, உள்ள உக்காந்து கண்ணாடியெல்லாம் ஏத்திக்குங்க. வெளிக்காத்து கலந்தா ஒண்ணும் பிடிபடாது. விசிறியை மட்டும் போட்டு, கையை வச்சுச் சொல்லுங்க."

"ஒண்ணுல வைங்க. வருதா?"

"வரலை."

"ரெண்டுல?"

"வரலை மச்சான்."

"நாலுல? பொறுமையாப் பாருங்க."

சீட்டு உறை முதுகில் ஒட்டிக்கொண்டு, மாப்பிள்ளை அசையும்போதெல்லாம் 'பர்ர்' என்றது. சட்டை தொப்பலாக நனைந்துவிட்டது. "கண்ணாடியை இறக்கட்டுமா?"

"இறக்குனா மொதல்லேருந்து பார்க்கணும்."

கூலிங்காரர் பானெட் நிழலில் சாய்ந்து நின்று டீ குடித்தார். அவ்வளவு ருசியான டீ அதற்கு முன்னும் குடித்ததில்லை, பின்னும் குடித்ததில்லை என்பார்.

அப்பா சாப்பாட்டுத் தூக்கோடு வந்து சேர்ந்தார். "டேய், மாப்பிள்ளை வெந்துபோயிட்டாருடா!"

"இப்பத்தான் பதம் வருது, இருங்கப்பா."

அப்பா கேட்கவில்லை, போய்க் கதவைத் திறந்துவிட்டார். இனி நீட்ட வழியில்லை. கூலிங்காரர் டேஷ்போர்டுப் பெட்டியைக் கழற்றி, கையை விட்டு, ஃபில்டரை உருவினார். உறை பிரிக்காமல், புதுப்பெண் மாதிரி பளபளவென்று வந்தது. ஷெட்டிலிருந்த டிரைவர்களெல்லாம் கூடிவிட்டார்கள்.

"அழுக்காகிடக் கூடாதேன்னு..." என்று இழுத்தார் மாப்பிள்ளை.

"அது அழுக்காகறதுக்குன்னே இருக்கிற சாமான் மாப்பிள்ளை."

"மச்சான், வீட்டுல மட்டும் சொல்லிடாதீங்க."

"சொல்லலை." ஃபில்டரை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டார். "அப்பா வீட்டுக்குப் போகணும். நீங்களே கூப்பிடுங்க."

மாப்பிள்ளை தொண்டையைச் செருமினார். "மாமா, வாங்க... வண்டியிலயே போயிடலாம்."

"எங்க உக்காரணுமாம்?" கேட்டது மகன்.

"முன்னாடி. முன்னாடியே உக்காருங்க மாமா."

கூலிங்காரர் உறையைப் பிரித்து ஃபில்டரை மாட்டினார். பிறகு பிளேடை எடுத்து, முன்சீட்டு உறையை மேலிருந்து கீழ்வரை ஒரே இழுப்பாகக் கிழித்தார். "இது இருந்தா கூலிங் நிக்காது" என்றார். பச்சைப் பொய். அப்பா பழக்கத்தில் துண்டை எடுத்துக்கொண்டு குனிந்தார். மகன் அதைப் பிடுங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார்.

"செருப்போட ஏறுங்க."

வண்டி நகரும்போது அப்பாவின் குரல் கேட்டது: "முகத்துல அடிக்குது மாப்பிள்ளை, கொஞ்சம் குறைங்க." மாப்பிள்ளை குறைத்தார்.

வாக்குக் கொடுத்தபடி கூலிங்காரர் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. ஃபில்டர் உறையைச் சுவரில் அடித்தார், அவ்வளவுதான். மன்னித்தாயிற்றா என்று கேட்டால், "அதெல்லாம் அப்பா டிபார்ட்மெண்ட்" என்பார்.

அப்பா இப்போது மூட்டை தூக்குவதில்லை. பேத்தி வீட்டுக்கு அந்தக் காரில்தான் போய்வருகிறார். மாப்பிள்ளை சர்வீஸுக்கு இங்கேதான் வருகிறார், தங்கை வேறு எங்கும் விடுவதில்லை. கூலிங்காரர் அதே ஷெட்டில்தான் வேலை பார்க்கிறார். அங்கே உட்கார ஒரே பெஞ்சுதான், உறைக்கு நேர் எதிரே.