உள்ளங்கையில் ஒரு கூரை

ஜெர்மனியின் ஹம் நகரசபைத் தேர்தலில் நின்ற அந்த அயர்லாந்து இளைஞர், செம்பட்டைத் தலையில் மழை சொட்ட எங்கள் கதவைத் தட்டினார். யார் குறை சொன்னாலும் உள்ளங்கையில் எழுதிக்கொள்வார். இருவரும் பேசியது இரவல் ஜெர்மனில். நினைவிருப்பது என் தமிழில்.

“தம்பி, நீர் ஐரோப்பிய ஒன்றியத்து ஆள், இங்க நிக்கலாம். நான் இன்னும் இலங்கைப் பாஸ்போர்ட்தான். முப்பது வருசமா இருந்தும் எனக்கு வோட்டில்லை,” என்றேன்.

“பரவாயில்லை. உங்கட தெருவிலை என்ன குறை?”

“பஸ் தரிப்பிடத்துக்குக் கூரையில்லை. வேலைக்குப் போற சனம் நனையுது.”

எழுதிக்கொண்டார். தேர்தலில் தோற்றார்.

அடுத்த வாரம் அதே தரிப்பிடத்தில் நின்று, கூரை கேட்டு மனுவில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்.

“தோத்தாச்சே, இன்னும் என்ன?” என்றேன்.

“கூரை இன்னும் வரேல்லையே.”

கையெழுத்திட்டேன். வீட்டுக்குப் போனதும், இத்தனை காலம் தள்ளிப்போட்ட குடியுரிமை விண்ணப்பத்துக்கு அலுவலகத்தில் டெர்மின், சந்திக்கும் நாள், எடுத்தேன். அடுத்த தேர்தலில் அவர் நிற்பாரோ தெரியாது. என் வோட்டு இருக்கும்.