ஓடுகிற வண்டியை ஏன் இழுக்கணும்?

போன வியாழக்கிழமை காலடிப்பேட்டையில் ரேவதியின் வீட்டுக்குப் போயிருந்தேன். கல்லூரியில் என்னோடு படித்தவள். எண்ணூர் பக்கம் ஒரு கார் கம்பெனியில் இன்ஜினியர். பெட்ரோலுக்குப் பதிலாக ஹைட்ரஜனை எரித்து ஓடும் இன்ஜின்... பல வருஷங்களாக அதுதான் அவள் உலகம்.

யூனிபார்மைக்கூட மாற்றாமல் உட்கார்ந்திருந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"இன்னிக்கு வண்டியை உடைச்சுட்டாங்க."

ப்ராஜெக்ட்டை மூடிவிட்டார்கள். சோதனைக் காரை விற்க முடியாது. தொழில் ரகசியம் வெளியே போய்விடும். வளாகத்தின் பின்பக்கம் இருக்கும் ஸ்கிராப் யார்டுக்குக் கட்டி இழுத்துப்போக ஆட்கள் வந்திருக்கிறார்கள். ரேவதி குறுக்கே நின்றிருக்கிறாள்.

"ஓடுற வண்டியை ஏன் சார் இழுக்கணும்? நானே ஓட்டிட்டு வர்றேன்."

மேனேஜர் சாவியை நீட்டினாராம்.

"நேரா போகலை. டெஸ்ட் டிராக்கை ஒரு சுத்து சுத்திட்டுத்தான் போனேன். ஒரு இடத்துலகூட மக்கர் பண்ணலை. அதுதான்டா தாங்க முடியலை."

இன்ஜினை அணைத்துவிட்டு, சூடு ஆறும்வரை பானெட்டில் கை வைத்துக்கொண்டு நின்றிருக்கிறாள். உடைப்பதைப் பார்க்கவில்லை. சத்தம் மட்டும் கேட்டதாம்.

அவள் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிடையர் ஆனவர். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அவரால் பொறுக்க முடியவில்லை.

"நல்லா ஓடிக்கினு இருந்த வண்டிதானேம்மா? அப்பால இன்னாத்துக்கு ஒடைச்சானுங்கோ?"

"கேஸ் ரொப்ப பங்க் இல்லப்பா. பங்க் வைய்யின்னா, வண்டி எங்க கீதுன்றான். வண்டி வுடுன்னா, பங்க் எங்க கீதுன்றான்."

"யாராச்சும் ஒர்த்தன் மொதல்ல எறங்கணும்ல?"

"எறங்குறவன் முழுகிட்டா? அந்த பயம்தான்ப்பா."

பங்க் மட்டுமா? டேங்க் செய்கிறவர், தெருமுனை மெக்கானிக், இன்ஷூரன்ஸ்காரர், லோன் கொடுக்கிற வங்கி... எல்லோரும் ஒரே நேரத்தில் மாறியாக வேண்டும். இதற்குள் கம்பெனியின் கவனம் பேட்டரி கார் பக்கம் போய்விட்டது. புது இன்ஜின் தனியாக வந்து நிற்கிறது. பழைய இன்ஜினுக்கோ ஊரெல்லாம் சொந்தக்காரர்கள்.

திங்கட்கிழமை முதல் பெட்ரோல் இன்ஜின் பிரிவில் சேரச் சொல்லியிருக்கிறார்கள்.

"போவியா?" என்று கேட்டேன்.

"போவேன். ஆனா அந்த டெஸ்ட் டிராக் பக்கம் கொஞ்ச நாளைக்குப் போக மாட்டேன்."

அப்பா எழுந்து வந்து மகளின் தலையில் கை வைத்தார். அதுவரை அடக்கி வைத்திருந்தது உடைந்தது. அழுதாள்.

திரும்பும்போது திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் என் ஸ்கூட்டர் ரிசர்வுக்கு வந்துவிட்டது — பக்கத்திலேயே பங்க் இருந்தது, பெட்ரோல் போட்டுக்கொண்டு வந்தேன்.