ரோட்டில் படாத சக்கரம்

போன வாரம் என் மகன் கைபேசியில் ஒரு படம் காட்டினான். இத்தாலியில் ஏதோ மலைநாடாம். பச்சை மலைகளுக்கு நடுவே வளைந்து வளைந்து போகும் சின்னச் சாலையில் நாலு பேர் சைக்கிள் மிதித்து ஏறிக்கொண்டிருந்தார்கள். கார், லாரி எதுவும் எட்டிப்பார்க்காத சாலைகளாகத் தேடிப் பிடித்து, எங்கே ஏற்றம், எங்கே குடிக்கத் தண்ணீர் என்றெல்லாம் குறித்து வரைபடமே போட்டு வைத்திருக்கிறார்கள். அதில் ஓட்டுவதற்கென்றே விமானம் ஏறிப் போகிறார்கள். "எப்படிம்மா இதையெல்லாம் கண்டுபிடிச்சாங்க?" என்று வாயைப் பிளந்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படி ஒரு பாதையை என் அத்தை 1991-லேயே கண்டுபிடித்துவிட்டாள். அதற்கு வரைபடம் போட்டது நான்தான்.

1991 என்றாலே எங்கள் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கத்து ஆட்களிடம் எல்லாரும் ஒரே ஒரு விஷயத்தைத்தான் கேட்பார்கள். அது நாடறிந்த கதை. நான் சொல்ல வந்தது மண்ணூரில் எங்கள் வீட்டுக்குள் நடந்த கதை.

அத்தை அப்பாவின் தங்கை. பன்னிரண்டாவது முடித்துவிட்டு எங்களோடு இருந்தாள். பெங்களூர் ரோட்டுக்குத் தெற்கே சுவிட்ச் செய்கிற கம்பெனி ஒன்றில் வேலைக்கு எழுதிப் போட்டிருந்தாள். ஒன்றாம் தேதி வந்து சேரச் சொல்லிக் கடிதம் வந்ததும் வீடே குதித்தது, அப்பாவைத் தவிர. காலை ஷிப்டுக்கு ஏழு மணி வாக்கில் வரும் பஸ் எங்கள் ஊரில் நின்றதாகச் சரித்திரமே இல்லை. டீச்சர் ஒருவர் மாற்றலாகிப் போகும்போது கொடுத்த லேடீஸ் சைக்கிள் ஒன்று அத்தையிடம் இருந்தது. அதில் போனால் தண்டலம் வழியாக பெங்களூர் ரோட்டில் ஏறி இரண்டு மைல் மிதிக்க வேண்டும். அப்பா லாரி டிரைவர். அந்த ரோட்டில்தான் அவர் பிழைப்பு.

"நான் மேல உக்காந்துகினு ஓட்டறவன். மேலேர்ந்து பாத்தா சைக்கிள்ல வர்றவங்க கண்ணுக்கே தெரிய மாட்டாங்க. பெங்களூர் ரோடு மேல உன் சக்கரம் படாம போவ முடியும்னா போ. இல்லாங்காட்டி வூட்லயே இரு" என்றார் அப்பா.

முடியாது என்று சொல்ல மனம் வராமல், முடியாத ஒன்றைக் கேட்டார். எங்கள் ஊர் ரோட்டுக்கு வடக்கே இருக்கிறது, கம்பெனி தெற்கே. நடுவில் ரோடு. அத்தை மட்டும் கொஞ்சமும் அசரவில்லை. "சக்கரம் படக்கூடாது, அவ்ளோதான?" என்று ஒரு தரத்துக்கு இரண்டு தரம் கேட்டு உறுதி செய்துகொண்டாள்.

அடுத்த மூன்று ஞாயிறும் மாதா கோயில் பூசை முடிந்ததும் நாங்கள் இருவரும் பாதை தேடிக் கிளம்பினோம். என்னைக் கூட்டிப் போனதற்குக் காரணம் பாசம் மட்டுமல்ல. எனக்கு அப்போது ஒன்பது வயது. கோள் சொல்வதில் எங்கள் தெருவிலேயே என்னை மிஞ்ச ஆள் கிடையாது. யார் எதை ஒளித்தாலும் சாயங்காலத்துக்குள் அப்பாவின் காதில் போட்டுவிடுவேன். அப்பா என் வாயை நம்புவார் என்பது அத்தைக்குத் தெரியும்.

முதல் ஞாயிறு எடுத்த வண்டிப்பாதை வேலிக்காத்தான் புதரில் போய் முடிந்தது. முள் குத்தி முன் டயர் படுத்துவிட்டது. தள்ளிக்கொண்டே வீடு வந்தோம். இரண்டாம் ஞாயிறு ஏரிக்கரையைப் பிடித்தோம். அந்தப் பாதையை நான் என்னவென்று சொல்வது! வலது கைப்பக்கம் ஏரி, இடது கைப்பக்கம் நாற்று நட்ட வயல், மேலே பனைமரங்கள். கேரியரில் உட்கார்ந்தால் செயின் ஓடுகிற சத்தமும் மட்கார்டு ஆடுகிற சத்தமும்தான் கேட்கும். கரை ஒரே சமமாக இருக்காது. மதகு வரும் இடங்களில் மேடாகும். அத்தை எழுந்து நின்று மிதிப்பாள், நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். நான் பிடித்துக்கொண்டால் பாரம் குறையும் என்று எனக்கு நம்பிக்கை. ஒரு ஏரி முடிந்து செங்கல் சூளையைத் தாண்டினால் இன்னொரு ஏரி. ஆனால் எந்தக் கரையில் போனாலும் கடைசியில் பெங்களூர் ரோடு குறுக்கே வந்து நின்றது.

மூன்றாம் ஞாயிறு, ரோட்டுக்குக் கொஞ்ச தூரத்தில் சைக்கிளை நிறுத்திவிட்டு அத்தை வெகுநேரம் யோசித்தாள். அங்கே ஒருவர் வாத்து மேய்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று அவரிடம் கேட்டாள்.

"அண்ணே, இந்த ஏரித் தண்ணிதான அந்தாண்ட கீற வயலுக்கும் பாயுது? அது எப்டி ரோட்டைத் தாண்டுது?"

"அடில பூந்து போவுது. வேற எப்டி போவும்?" என்றார் அவர், இவளுக்கு என்ன ஆயிற்று என்கிற மாதிரி பார்த்துக்கொண்டு.

அத்தை ஓடினாள். நான் பின்னால் ஓடினேன். ரோட்டுக்கு அடியில் கால்வாய்க்காக ஒரு சின்னப் பாலம். வெயில் காலமானதால் உள்ளே சொட்டுத் தண்ணீர் இல்லை. ஆள் குனிந்து போகலாம், சைக்கிளைச் சாய்த்துத் தள்ளலாம். நாங்கள் உள்ளே இருக்கும்போது தலைக்கு மேல் ஒரு லாரி போனது, பாலமே அதிர்ந்தது. அந்தப் பக்கம் வெளிச்சத்துக்கு வந்ததும் அத்தை மணியை விடாமல் அடித்தாள். எத்தனை வருஷமாக அந்த ரோட்டை எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள்! தண்ணீர் எப்படிப் போகிறது என்று யோசிக்க அவளுக்குத்தான் தோன்றியது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

அன்று மாலை என் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் வரைபடம் போட்டேன். ஏரிகள் இரண்டும் இட்லி மாதிரி வந்தன. அப்பா அதை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்தார். "சக்கரம் ரோட்டுல படலியா?" என்று என்னைக் கேட்டார். படவில்லை என்றேன். நோட்டை மூடிக் கொடுத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். அத்தை ஒன்றாம் தேதி வேலைக்குப் போனாள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. ஏரி நிரம்பியது, கால்வாய் ஓட ஆரம்பித்தது. ஒரு நாள் மழைக்காகப் பள்ளிக்கு லீவு விட்டிருந்தார்கள். அப்பா காலையில் கிளம்பும்போது, "நீ அத்த கூடப் போ. பாலத்தடில முட்டிக்கு மேல தண்ணி இருந்துச்சுன்னா அவளத் திருப்பி இட்டுக்கினு வந்துடு" என்று எனக்கு உத்தரவு போட்டுவிட்டு, தண்டலம் கூட்டுரோட்டில் நிற்கும் தன் வண்டியை எடுக்கப் போய்விட்டார்.

பாலத்தடியில் தண்ணீர் என் கழுத்துக்கு வரும் போலிருந்தது. செம்மண் கலரில் சுழித்துக்கொண்டு ஓடியது. அத்தை குனிந்து தண்ணீரைப் பார்த்தாள். வேலை நிரந்தரமாக இன்னும் இரண்டு மாதம் இருந்தது. அதற்குள் சொல்லாமல் ஒரு நாள் நின்றால் கூடச் சீட்டுக் கிழியும் என்று அவள் சொல்லியிருக்கிறாள். "போலாம் அத்த, அப்பா திட்டுவாரு" என்றேன். அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சரிவில் ஏறினாள்.

மேலே போனால், பாலத்துக்குச் சற்றுத் தள்ளி ஒரு லாரி பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு நின்றிருந்தது. வண்டி பழுதாகி நின்றால் முன்னாலும் பின்னாலும் மரக்கிளையை ஒடித்துப் போட்டுக் கல் வைப்பார்கள் அல்லவா, அப்படிப் பச்சைக் கிளைகளும் பெரிய பெரிய கற்களும் வைத்திருந்தார்கள். இரண்டு பக்கத்து வண்டிகளும் வேகம் குறைந்து, ஒன்றுக்கொன்று வழிவிட்டு ஊர்ந்துகொண்டிருந்தன.

அத்தை ஒரு நிமிஷம் அந்த லாரியையே பார்த்தாள். பிறகு தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டாள். குனிந்து சைக்கிளைத் தோளில் தூக்கினாள். அந்தக் கனத்த சைக்கிளோடு, மழையில், ஒவ்வோர் அடியாக வைத்து பெங்களூர் ரோட்டைக் கடந்தாள். இரண்டு சக்கரமும் காற்றில் சும்மா சுற்றிக்கொண்டிருந்தன. ஒரு பஸ் அவளுக்காக நின்றே விட்டது. அந்தப் பக்கம் இறங்கியதும் என்னைப் பார்த்து ஒரே ஒரு முறை மணி அடித்துவிட்டுப் போனாள்.

அதற்குப் பிறகுதான் கவனித்தேன், அது அப்பாவின் லாரி. அப்பா பானெட்டைத் திறந்து தலையை உள்ளே விட்டுக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய்க் கூப்பிட்டதும் நிமிர்ந்தார்.

"நீ இன்னா இங்க? உங்க அத்த எங்க?"

"சைக்கிளத் தூக்கிக்கினு தாண்டிட்டாங்கப்பா. சக்கரம் படவே இல்ல, நான் பாத்தேன்."

"படலதான?"

"சத்தியமா படல."

"அப்ப சரி" என்றார். கற்களையும் கிளைகளையும் ஒவ்வொன்றாக எடுத்து ஓரமாகப் போட்டார். என்னைத் தூக்கிப் பக்கத்தில் உட்கார வைத்துச் சாவியைத் திருப்பினார். வண்டி ஒரே திருப்பலில் கிளம்பியது. என்ன கைராசி! ஒயர் ஒன்று லூசாம், அவ்வளவுதானாம். அப்பாவைப் போல ரிப்பேர் பார்க்க யாராலும் முடியாது என்று பள்ளியில் ஒரு வாரம் பீற்றிக்கொண்டேன்.

ஆனால் ஒயர் மறுநாளும் லூசானது. அதற்கடுத்த நாளும். "அண்ணா, இன்னிக்கும் உன் வண்டி அங்கயே நின்னுடுச்சு போலகீதே" என்று சாயங்காலம் அத்தை கேட்பாள். "பழைய வண்டிமா" என்பார் அப்பா. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க மாட்டார்கள். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள். அப்பா வெளியூர் லோடு போன நாட்களில், அதே இடத்தில், அதே ஏழு மணிக்கு அவருடைய சிநேகிதர்களின் லாரிகள் நின்றன. அதைக் கேட்டதும் எனக்கு விஷயம் பிடிபட்டுவிட்டது. அந்த இடத்தில் பேய் இருக்கிறது.

வீட்டில் சொன்னால் அத்தையின் வேலைக்கு ஆபத்து வரும் என்று, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு விஷயத்தை அப்பாவிடம் சொல்லாமல் மறைத்தேன். ஞாயிறுதோறும் மாதாவிடம் மட்டும் சொன்னேன். அந்தப் பேயைத் துரத்திவிடு, அப்பாவின் வண்டி இனிமேல் அங்கே நிற்கக் கூடாது.

கிறிஸ்துமஸுக்கு முன்னால் கால்வாய் வற்றியது. அத்தை பழையபடி பாலத்தடியில் போக ஆரம்பித்தாள். அவளுக்கு வேலையும் நிரந்தரமானது. அன்றிலிருந்து ஒரு லாரிகூட அந்த இடத்தில் நிற்கவில்லை.

என் வேண்டுதல் பலித்துவிட்டது. இனி மறைக்க வேண்டியதில்லை என்று எல்லாவற்றையும் அப்பாவிடம் கொட்டினேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன், சிரிக்கவில்லை. மாதா கோயில் பக்கமே வராதவர் அன்று என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். நான் ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினேன். பக்கத்தில் அவரும் ஒன்று ஏற்றிவிட்டு, வெகுநேரம் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். அவருக்கும் பேயென்றால் அவ்வளவு பயமா என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.