வேடசந்தூர்த் தொட்டியில் நீலமான பட்டை

போன சனிக்கிழமை வேடசந்தூர்ப் பக்கம் போனேன். சுற்றிப் பார்க்க அல்ல. மூன்று வருடமாக ஆய்வகத்தில் நான் அச்சடிக்கும் பட்டையை முதல்முறையாக ஒரு வீட்டுத் தண்ணீரில் முக்கிப் பார்க்கத்தான். பிளாஸ்டிக் துண்டில் கரி மையால் கோடு அச்சடித்து, அதன்மேல் மின்சாரம் கடத்தும் பச்சைப் பாலிமரையும் ஒரு நொதியையும் பூசியிருப்பேன். வயலுக்குப் போடும் உரத்தின் நைட்ரேட் தண்ணீரில் இறங்கியிருந்தால், பட்டையைச் செருகிய மீட்டரில் எண் ஏறும். கைக்குழந்தைக்கு நைட்ரேட் ஆகாது. காய்ச்சினாலும் போகாது.

திண்டுக்கல்லில் காலை 6.40க்குப் பஸ். இருபது கிலோமீட்டர், இருபத்திரண்டு ரூபாய். மில் பஸ்கள் வழியெல்லாம் முந்திக்கொண்டு போகும், பதறாதீர்கள். வேடசந்தூரிலிருந்து கிராமத்துக்கு எட்டு கிலோமீட்டர், ஆட்டோ இருநூறு.

அங்கே செல்வி என்பவர் வீட்டில் ஐந்து மாதக் குழந்தை, பால் பவுடர்தான் ஆகாரம். வாசல் சிமெண்டுத் தொட்டியில் பட்டையை முக்கினேன். மீட்டரில் பூஜ்யம். "பயப்படாதீங்க, உரம் எதுவும் கலக்கலை" என்று பெரிய மேதாவி மாதிரி சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

வேடசந்தூரில் டீ குடித்துக்கொண்டே பட்டையைக் கவரில் போட எடுத்தால், பச்சை நீலமாகியிருந்தது. காரத் தண்ணீர் பட்டால் இந்தப் பாலிமர் நீலமாகிவிடும், மின்சாரத்தை விடாது. அதன்பிறகு தண்ணீரில் எவ்வளவு நைட்ரேட் இருந்தாலும் பூஜ்யம்தான்.

செல்வி வீட்டுக்கே திரும்பினேன், அதே ஆட்டோதான். "எதையாச்சும் மறந்து வச்சிட்டு வந்துட்டீங்களா?" என்றார் டிரைவர். ஆமாம் என்றேன்.

பதற்றத்தில் மீதி நான்கு பட்டைகளையும் அதே தொட்டியில் முக்கித் தொலைத்தேன். நான்கும் நீலம். தொட்டியில் என்ன போட்டீர்கள் என்று செல்வியிடம் கேட்டேன்.

"ஒண்ணும் போடலையே. சாமி கும்பிடுக்கு வீட்டுக்கு வெள்ளையடிச்சோம். மிச்சச் சுண்ணாம்பை அவரு தொட்டிக்குள்ளயும் அடிச்சு விட்டாரு, பாசி பிடிக்காதுன்னு. வருசா வருசம் அடிக்கிறதுதான்."

"காலைல நான் சொன்னது தப்பு செல்வி. சுண்ணாம்புக் காரத்துல பட்டை கெட்டுப்போச்சு."

அவர் குழந்தையைத் திரும்பிப் பார்த்தார். "இம்புட்டு நாளா கேன் தண்ணியிலதான் பால் கலக்குனேன். நீங்க சொன்னீங்கன்னு இப்பத்தான் இதைக் காய்ச்சிக் குடுத்தேன்."

குழந்தை வயிறு நிறைந்து தூங்கிக்கொண்டிருந்தது.

"குடிக்கலாமா, கூடாதா? அதை மட்டும் சொல்லுங்க."

தெரியாது, பழையபடி கேன் தண்ணீரே கொடுங்கள் என்றேன். மூன்று வருடப் படிப்பு அந்த ஒரு வார்த்தையில் முடிந்தது. சுண்ணாம்பு படாத தண்ணீர் வேண்டும், ஆனால் போர் மோட்டாருக்குச் சாயங்காலம்தான் கரண்டு. காத்திருந்து ஒரு பாட்டில் பிடித்து வந்து, வேறொரு பரிசோதனைக்கூடத்தில் கொடுத்திருக்கிறேன். பதில் வர ஒரு வாரமாம்.

இப்படிக் கருவியோடு கிளம்புகிறவர்களுக்கு: எண்ணைப் பார்க்குமுன் நிறத்தைப் பாருங்கள். தொட்டிக்குச் சுண்ணாம்பு அடித்தார்களா என்று வாய்விட்டுக் கேளுங்கள். நைட்ரேட் கலந்த ஒரு பாட்டில் கையில் வைத்திருந்து, பட்டை வேலை செய்கிறதா என்று அங்கேயே சோதியுங்கள். எனக்கும் அப்படி ஒரு பாட்டில் இருந்தது, ஆய்வக மேசையில்.

இதை எழுதுவதற்குள் செல்வி மூன்று தடவை போன் செய்துவிட்டார். நான் எடுக்கவில்லை.